ஒற்றைக் கண்ணால் பார்த்த குளிர்காலம்

எங்கள் டாக்ஸி நிறுவனத்தின் அழைப்பு அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பி வருபவர் வெனெத்தா. ரூசே நகரத்தில் எந்தத் தெரு எந்தத் தெருவில் போய் முடிகிறது, எந்தக் குடியிருப்பின் பின்பக்கம் வண்டி திரும்ப இடமிருக்கிறது, டான்யூப் கரைக்கு இறங்கும் சரிவுகளில் எது முதல் பனியிலேயே வழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயினும் அவரிடம் ஓட்டுநர் உரிமம் கிடையாது. பதினாறு வயதில் பள்ளிப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வந்துகொண்டிருந்தபோது, சாலையோரத்துப் பாப்லர் மரங்களின் இடைவெளிகளில் மாலை வெயில் விட்டுவிட்டு வெட்டியது. அந்த வெட்டொளியில்தான் அவருக்கு முதல் வலிப்பு வந்தது. வலிப்பு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே ஒளி பகையாகும். அந்தச் சிலரில் தாம் ஒருவர் என்பதை அவர் அன்றே தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் தம் வாழ்க்கையை ஒரு கால அட்டவணையைப்போல் அமைத்துக்கொண்டார். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, பத்து மணிக்கு உறக்கம். நடன விளக்குகள் சுழலும் திருமண விருந்துகளில் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். கணவர் சரக்குப் படகில் வேலை பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் ஆற்றின்மேல் இருப்பார். நான் சொல்லப்போகும் குளிர்காலம் தொடங்கியபோது, வெனெத்தாவுக்கு வலிப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் முடிந்திருந்தன.

நான் அதே நிறுவனத்தின் பட்டறையில் உதிரிப்பாகக் கிடங்கைக் கவனிப்பவன். கிடங்குக்கும் அழைப்பு அறைக்கும் இடையே ஒரு பலகைத் தடுப்புத்தான். அங்கே பேசுவது இங்கே கேட்கும்; காப்பி இயந்திரமும் அந்தப் பக்கம் இருந்தபடியால் நாளொன்றுக்கு நான்கு முறையாவது அங்கே போவேன்.

அக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அழைப்பு அறையின் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டப்பட்டது. சாப்பாட்டு மேசையளவு அகலம். கிளை மேலாளர் ஸ்தாமென் அதைத் தம் கையாலேயே துடைத்து இயக்கிக் காட்டினார்.

"தலைநகர் சோஃபியாவுல, நம்ம தலைமை ஆபீஸ்ல இருக்கற மாதிரியே வாங்கியிருக்கேன். ஒருத்தர் போன் பண்ணி ரெண்டு நிமிஷத்துக்குள்ள வண்டி கிளம்பலைன்னா, சுவரே கத்தும். இனிமே இங்க யாரும் தூங்க முடியாது."

"இதுவரைக்கும் யாரு சார் தூங்கினா?" என்றார் வெனெத்தாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கும் கின்கா. "நீங்க வாங்கிக் குடுத்த நாற்காலியில உக்காரவே முடியல, தூங்கறதாம்."

சொல்லி வாய் மூடவில்லை, ரயில் நிலையத்திலிருந்து வந்த ஓர் அழைப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. திரை முழுவதும் சிவப்பாகவும் வெள்ளையாகவும் மாறி மாறித் துடித்தது. அறையிலிருந்த முகங்கள் எல்லாம் அந்த நிறங்களில் நனைந்து நனைந்து மறைந்தன. வாசலில் நின்றிருந்த ஓட்டுநர் ரங்கெல் சிரித்தார். மார்ச் முதல் தேதியன்று நாங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் நூலும் சிவப்பும் வெள்ளையும்தான். அதை நினைத்துச் சொன்னார்:

"மார்ச்சுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. சுவத்துக்கு மட்டும் இப்பவே மார்த்தெனித்ஸா கட்டிட்டீங்களா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். வெனெத்தா சிரிக்கவில்லை. அவருடைய தோள் ஒருமுறை வெடுக்கென்று குலுங்கியது. கையிலிருந்த காப்பி மேசைமேல் கொட்டியது. அது என்ன அறிகுறி என்பது அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும். உடனே உள்ளங்கையால் வலக்கண்ணை இறுகப் பொத்திக்கொண்டார். இரு கண்களையும் மூடினால் போதாது. இமையை ஊடுருவியும் ஒளி போகும். ஒரு கண்ணை முழுக்க மறைத்துவிட்டால் மூளைக்குப் போகும் தாக்கம் குறையும் என்று அவருடைய நரம்பியல் மருத்துவர் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு கையால் கண்ணைப் பொத்தி, மறு கையால் விசைப்பலகையைத் தட்டி, அந்த அழைப்புக்கு வண்டியை அனுப்பினார். திரை அடங்கியது.

அன்று மாலையே மேலாளரின் அறைக்குப் போகக் கிளம்பினார். கின்கா ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வாசற்படியில் ஊற்றினார். முக்கியமான காரியத்துக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அப்படி ஊற்றுவார்கள். தண்ணீர் ஓடுவதைப்போல் காரியமும் தடையில்லாமல் ஓடவேண்டும் என்பது கணக்கு.

"சார், அந்தத் திரை மின்னறத நிறுத்தணும். எனக்கு வலிப்பு இருக்கறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. ஆனா ஒன்பது வருஷமா வரலைன்னு நீதான சொன்ன?"

"இப்படி எதுவும் எதுர்ல மின்னாததுனாலதான் வரல."

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோயேன்."

"போட்டுக்கிட்டு மேப்ப எப்படி சார் படிக்கறது?"

"அப்ப முதுகு காட்டி உக்காரு."

"எதுர்ல சன்னல் கண்ணாடி. அதுலயும் இதேதான் துடிக்குது."

ஸ்தாமென் கெட்டவர் அல்லர். யாராவது மருத்துவமனையில் கிடந்தால் ஆரஞ்சுப் பழத்தோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் எந்த விஷயமும் ஒரு தாளாக மாறி, அதன் மூலையில் வரவு எண் ஏறும்வரை அது உலகில் இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து.

"எழுத்துல குடும்மா. எழுத்துல இல்லாதது இல்லாதது."

எழுதிக் கொடுத்தார். வரவு எண் போடும் முத்திரை ஸ்தாமெனின் இழுப்பறைக்குள் பூட்டியிருக்கும். அன்று சாவி வீட்டில் இருந்தது. தாள் தட்டில் போடப்பட்டது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது தட்டில் தாள் இல்லை. மறுபடி எழுதினார், கின்கா மறுபடி தண்ணீர் ஊற்றினார். மூன்றாவது விண்ணப்பத்தை "சோஃபியாவுக்கு அனுப்பணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார் ஸ்தாமென். திரையை விற்ற சோஃபியா நிறுவனத்துக்கு வெனெத்தாவே தொலைபேசியில் பேசினார். "செய்யலாமே மேடம். உங்க மேலாளர் எழுத்துல கேக்கணும், அவரோட கடவுச்சொல்லும் வேணும்" என்றது அங்கிருந்த குரல். அதை ஸ்தாமெனிடம் சொன்னபோது, "நானும் அவங்க பதிலுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். கேட்காத கேள்விக்கு வராத பதிலை எதிர்பார்த்து ஒரு மனிதர் காத்திருக்க முடியும் என்பதை அன்றுதான் நானும் தடுப்புக்கு இப்பால் நின்று கேட்டறிந்தேன்.

ஆண்டுக்கு இருமுறை வரும் பணியிட மருத்துவர் நவம்பரில் வந்தார். வெனெத்தாவின் நாற்காலி உயரத்தை அளந்தார். மேசைமேலிருந்த சிறு திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். மேசை விளக்கின் வெளிச்சத்தையும் ஒரு கருவியில் பார்த்துக் குறித்தார்.

"டாக்டர், அந்தச் சுவர்ல இருக்கறத அளக்கலையே?"

"என் படிவத்துல 'ஊழியரின் மேசைத் திரை'ன்னுதான் இருக்கு. அது சுவத்துல இருக்கு."

"என் கண்ணு ரெண்டையும்தான் பாக்குது டாக்டர்."

"வாஸ்தவம்தான். ஆனா கட்டம் இல்லையே, எங்க எழுதறது?"

'பணிக்குத் தகுதி உடையவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, கின்கா கொண்டுவந்திருந்த பனித்ஸா என்னும் பாலாடைக்கட்டிப் பலகாரத்தில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகவே வெனெத்தா தமக்குத் தாமே ஒரு முறை வகுத்துக்கொண்டார். திரை துடிக்கத் தொடங்கும் கணமே வலக்கண்ணில் உள்ளங்கை; இடக்கையால் வேலை. ஓட்டுநர்கள் இதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்.

"கடற்கொள்ளைக்கார அக்கா, எனக்கு ஒரு சவாரி குடுங்க," என்பார் ரங்கெல் வாசலில் நின்று.

"குடுக்கறேன். முதல்ல உன் கண்ணு ரெண்டும் தெறந்திருக்கா பாரு. நேத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா ஆட்டுச்சந்தைக்குப் போயிருக்க."

"ரெண்டுலயும் ஒரே வாசனைதான் அக்கா."

வெளியே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாளில் முப்பது முறை, நாற்பது முறை கண்ணைப் பொத்தி எடுப்பவரின் வலப் புருவம் மாலையில் சிவந்து வீங்கியிருக்கும். அழைப்புகள் தாமதமாகக்கூடாது, தாமதமானால் திரை துடிக்கும், துடித்தால் ஒரு கைதான் வேலை செய்யும், ஒரு கையால் செய்தால் அடுத்த அழைப்பும் தாமதமாகும். இந்தச் சுழற்சியை அவர் ஒரு தாளில் வட்டமாக வரைந்துகூட ஸ்தாமெனிடம் காட்டினார். "நல்லா வரஞ்சிருக்க" என்றார் அவர்.

டிசம்பர் ஆறாம் தேதி நிக்குல்தென். ஆற்றுக்காரர்களின் புனிதர் நாள். வீட்டுக்கு வீடு அடுப்பில் கெண்டைமீன். விருந்துக்குப் போகிறவர்களும் விருந்திலிருந்து வருகிறவர்களும் ஒரே நேரத்தில் டாக்ஸி கேட்பார்கள். அன்று நண்பகலிலிருந்தே பனி கொட்டியது. மாலை ஐந்து மணிக்குப் பதினேழு அழைப்புகள் வண்டியின்றி நின்றன. திரை அடங்கவே இல்லை. வெனெத்தாவின் இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. இரண்டாவதை எடுக்க வலக்கையை நீட்டினார். கை கண்ணைவிட்டு விலகியது எத்தனை வினாடியோ, தெரியாது.

நாற்காலி சாயும் ஓசை எனக்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெனெத்தா தரையில் விறைத்துத் துடித்துக்கொண்டிருந்தார். கின்கா அவருடைய தலையை மடியில் வைத்து, காப்பிக் கரண்டியைப் பற்களுக்கு இடையே திணித்துக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொள்வாரே என்ற அன்பு. சுவரில் திரை மட்டும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. ரங்கெல்தான் தம் குளிர்கோட்டைக் கழற்றி அதன்மேல் மாட்டினார்.

வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்றது. கரண்டி பட்டு ஒரு முன்பல் பாதியாக உடைந்திருந்தது. ஒன்பது ஆண்டுக் கணக்கு அன்று மறுபடி சுழியத்துக்கு வந்தது.

பத்து நாள் விடுப்புக்குப் பிறகு வெனெத்தா நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு வந்தார். கடிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது: திரை மின்னவே கூடாது, தவிர்க்க முடியாவிடில் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது, சிவப்பு முற்றிலும் கூடாது, எச்சரிக்கையைத் திரையின் ஒரு சிறு மூலையில் அசையாத மஞ்சளாகக் காட்டலாம். கின்கா தம் கைபேசியில் அந்தத் துடிப்பைப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணி வைத்திருந்தார். வினாடிக்கு எட்டு.

ஸ்தாமென் கடிதத்தை இருமுறை படித்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் எரிச்சலூட்டியது.

"எனக்கு உன் உசுரு முக்கியம்மா. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன். மார்ச் ஒண்ணாம் தேதியிலேருந்து நீ தொலஞ்ச பொருள் ரூமுக்குப் போயிரு. அங்க திரையே கெடையாது. நிம்மதியா இருக்கலாம்."

பயணிகள் வண்டியில் விட்டுப்போகும் குடைகளும் ஒற்றைக் கையுறைகளும் அடுக்கியிருக்கும் சன்னலில்லாத அறை அது.

"அங்க போனும் கெடையாது சார். மனுசங்களும் கெடையாது."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சுவத்துல இருக்கறத மாத்தறதுக்குப் பதிலா என்னைய மாத்தறீங்க. அதுல ஒரு பட்டன அமுத்தணும். என்னை அமுத்தறது சுலபமா இருக்கா?"

"ஏம்மா இப்படிப் பேசற? சோஃபியாவுலேருந்து பதில் வரட்டும். எழுத்துல வரட்டும்."

வெனெத்தா தம் இருக்கைக்குத் திரும்பி, காத்திருந்த அழைப்புக்கு வண்டியை அனுப்பினார். பிறகு கின்காவிடம் சொன்னார்: "இனிமே தண்ணி ஊத்தாதடி. நாலு தடவ ஊத்தியாச்சு. வாசப்படிதான் சுத்தமாச்சு."

இனி ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களைப்போன்ற நிறுவனங்களில் ஒவ்வொரு பணிநாளும் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு அறிவுரை சொல்லி, அதை ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தில் பதிய வேண்டும். தேதி, சொல்லப்பட்ட அறிவுரை, சொன்னவர் கையெழுத்து, கேட்டவர்கள் கையெழுத்து. எங்களிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. யாரும் எதையும் கேட்டதில்லை. கையெழுத்து அழகாக இருந்தபடியால் அறிவுரையை எழுதும் வேலை வெனெத்தாவின் தலையில் விழுந்திருந்தது. 'இருக்கைப் பட்டையை அணியவும். மது அருந்தி ஓட்டக்கூடாது. சாலையின் நிலையைக் கவனிக்கவும்.' பல ஆண்டுகளாக நாள்தோறும் இதே மூன்று வாக்கியங்கள். ஸ்தாமென் ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளிலும் அடுத்த மாதத்துக்கான வெற்றுப் பக்கங்கள் முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தந்துவிடுவார். ஓட்டுநர்கள் காலையில் சன்னலருகே வரிசையில் நின்று, பேனாவைக் கைமாற்றிக்கொண்டு, கதை பேசியபடி தங்கள் பெயருக்கு நேரே கிறுக்கிவிட்டுப் போவார்கள். பட்டறைக்காரனாகிய நானும் அப்படியே.

ஜனவரி இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, வெனெத்தா வழக்கமான மூன்று வாக்கியங்களுக்குக் கீழே நான்காவதாக ஒன்றை எழுதினார்: 'அழைப்பு அறையின் சுவர்த்திரை மின்னக்கூடாது, எச்சரிக்கை அசையாத மஞ்சள் நிறத்தில் மட்டுமே காட்டப்பட வேண்டும்.' அதற்கு நேரே ஸ்தாமெனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அவர் ஒளித்து எழுதவில்லை. ஓட்டுநர் வரிசை வந்தபோது எழுந்து நின்று நான்கு வாக்கியங்களையும் உரக்கப் படித்தார்.

"என்ன அக்கா, இன்னிக்கு விசேஷம்? பூசை மாதிரி படிக்கறீங்க," என்றார் ரங்கெல்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. பெல்ட்டு, குடி, ரோடு. பேனா குடுங்க."

மறுநாளும் எழுதினார், மறுநாளும் படித்தார். ஒருமுறை ஸ்தாமெனே காப்பிக்கு வந்து நின்றபோது படித்தார். "குரல் நல்லாருக்கு, ரேடியோவுக்குப் போயிருக்கலாம்" என்று பாராட்டிவிட்டு அவர் குவளையோடு போனார். எதைச் செய்தாவது யாரையாவது ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் வெனெத்தாவுக்கு இல்லை என்பதை நான் அறிவேன். ஏனெனில் நானே ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு இந்த வீண் வேலை? யாருமே படிக்கலையே."

"எழுத்துல இல்லாதது இல்லாததுன்னாரு. இப்ப எழுத்துல இருக்கு. கீழ அவரு கையெழுத்தும் இருக்கு. இல்லைன்னு அவரு சொல்லட்டும், பாக்கலாம்," என்றார். பேசும்போது உடைந்த பல் தெரியாமலிருக்க மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அப்போது அவருக்கு வந்திருந்தது. "நீ என்னத்த கையெழுத்துப் போட்ட, சொல்லு பாப்போம்?"

மூன்றைச் சொன்னேன், நான்காவது வரவில்லை. அந்த வரியில் என் கையெழுத்து அதுவரை பன்னிரண்டு முறை விழுந்திருந்தது.

பிப்ரவரி முடிய ஐந்து நாள் இருந்தபோது, பட்டறையில் வண்டி தூக்கும் மேடையில் ஒரு மெக்கானிக்கின் விரல் நசுங்கியது. விபத்து என்றால் தொழிலாளர் ஆய்வாளர் வருவார். மறுநாளே வந்தார், பர்வொலெத்தா என்ற அம்மையார். குட்டையானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பவர். மேடையைப் பார்த்தார், படம் எடுத்தார், பிறகு "புத்தகத்தைக் கொடுங்கள்" என்றார். புத்தகம் அழைப்பு அறையில் இருந்தது. அவர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் நிறுவனத்தில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். படித்தார்.

ஸ்தாமென் பக்கத்தில் நின்று காப்பி வேண்டுமா என்று மூன்று முறை கேட்டார். ஆய்வாளர் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்து ஓர் அழைப்பு தாமதமாகித் திரை துடித்தது. வெனெத்தாவின் உள்ளங்கை வலக்கண்ணுக்குப் போனது.

"உங்க கண்ணுல என்ன?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"கண்ணுல ஒண்ணுமில்லங்க. சுவத்துல இருக்கு."

ஆய்வாளர் திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், ஸ்தாமெனைப் பார்த்தார்.

"சார், இந்தத் திரை மின்னக்கூடாதுன்னு முப்பத்தி ரெண்டு நாளா நீங்களே உத்தரவு போட்டிருக்கீங்க. அப்பறம் ஏன் மின்னுது?"

"நானா? நான் எங்க..." ஸ்தாமென் குனிந்து பார்த்தார். அவர் உதடுகள் அந்த வரியை முதன்முதலாகப் படித்தன. வெனெத்தாவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "இது இந்தம்மா எழுதினது."

"எழுதினது யாருன்னு நான் கேக்கல. கையெழுத்து உங்களோடதா, இல்லையா?"

"என்னோடதுதான். ஆனா..."

"எழுதினதுக்கு அப்பறம் போட்டீங்களா, முன்னாடியே போட்டீங்களா?"

முன்னாடியே என்று சொன்னால் புத்தகம் முழுவதும் பொய்யாகும். மேடை விபத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தோண்டுவார்கள். அப்புறம் என்று சொன்னால் உத்தரவு அவருடையதாகும். ஸ்தாமென் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நான்தான் போட்டேன். ஊழியர் நலன் கருதி. ஒரு... ஒரு தொழில்நுட்பச் சிக்கல். சோஃபியா பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கோம்."

"நல்லது. சோஃபியாவுக்கு இப்பவே போன் போடுங்க. நானும் காத்திருக்கேன்."

போட்டார். சோஃபியாக் குரல் கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல் ஸ்தாமெனின் மேசைமேலிருந்த புனிதர் நாள்காட்டியின் முதுகில், அவர் கைப்படவே, அக்டோபரிலிருந்து இருந்தது. 'அமைப்பு' என்பதைத் திறக்கச் சொன்னது குரல், பிறகு 'எச்சரிக்கை', அங்கே 'மின்னுதல்' என்ற சொல்லுக்கு அருகே ஒரு சிறு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சரிக்குறி. அதை எடுத்துவிடச் சொன்னது. ஸ்தாமென் எடுத்தார். அதற்குக் கீழே நிறம்: மஞ்சள். அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கின்கா அறைக்கே கேட்கும்படி சொன்னார்:

"நாலு நிமிஷம்."

அடுத்த தாமத அழைப்பு வந்தபோது திரையின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் தோன்றி அசையாமல் நின்றது. வெனெத்தாவின் கை பழக்கத்தில் பாதி தூரம் எழுந்து, நின்று, மெல்ல மேசைக்கு இறங்கியது.

அவர் மகிழ்ந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். உருகிய பனிச் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"நாலு நிமிஷம்," என்றார். "அஞ்சு மாசம். ஒன்பது வருஷக் கணக்கு போச்சு. ஒரு பல்லு போச்சு. அதுக்குப் பதில் நாலு நிமிஷம். முடியாத காரியமா இருந்திருந்தாகூட மனசு ஆறியிருக்கும்."

மார்ச் ஒன்றாம் தேதி எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பு-வெள்ளை நூல் இருந்தது. வெனெத்தா தம் இருக்கையிலேயே இருந்தார். தொலைந்த பொருள் அறை என்ன ஆயிற்று என்று கின்கா கேட்டதற்கு, "நான் எப்பம்மா சொன்னேன்? எழுத்துல இருக்கா?" என்றார் ஸ்தாமென். ஆய்வாளரின் அறிக்கை மாதக் கடைசியில் வந்தது. மேடைக்கு அபராதம். கூடவே ஒரு பத்தியில், வலிப்பு உள்ள ஊழியரின் பாதுகாப்புக்காகத் திரையை முறைப்படுத்தத் தாமே முன்வந்து உத்தரவிட்ட மேலாளரின் அக்கறை குறிப்பிடத்தக்கது என்று எழுதியிருந்தது. ஸ்தாமென் அந்தப் பக்கத்துக்கு வரவு எண் போட்டு, சட்டம் அடித்து, தம் அறையில் மாட்டினார். மற்ற கிளைகளிலிருந்து வருகிறவர்களிடம், "எங்க வெனெத்தாவுக்காக நான் சோஃபியாவோடவே சண்ட போட்டேன்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் அவர் அதை நம்பவும் தொடங்கிவிட்டார். மற்ற கிளைகளில் திரை இன்னும் மின்னுகிறது. அங்கே யாரும் எழுதிக் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் மாதத்துக்கான புத்தகப் பக்கங்கள் வழக்கம்போல் முன்கையெழுத்தோடு வெனெத்தாவின் மேசைக்கு வந்தன. அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு பேனாவை எடுத்து, மூன்று வாக்கியங்களுக்குக் கீழே புதிதாக நான்காவதை எழுதினார்: 'வலிப்பு வந்து விழுந்தவரின் வாயில் எதையும் வைக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.' எழுந்து நின்று படித்தார். இன்றும் நாள்தோறும் படிக்கிறார்.

நான் இப்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். என் பெயருக்கு மேல் வரி ரங்கெலுடையது, அதற்கும் மேல் கின்காவுடையது. கின்கா ஒரு காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, "பெல்ட்டு, குடி, ரோடு, சரிடி சரிடி" என்றபடியே கிறுக்குவார். அவருடைய மேசையின் மேல் இழுப்பறையில், கைக்கு எட்டும் இடத்தில், அந்தக் காப்பிக் கரண்டி கிடக்கிறது. எதற்கு என்று கேட்டேன்.

"அவசரத்துக்கு," என்றார்.